பெருவில் உள்ள சோக்கெகிராவ் இடிபாடுகளுக்கு நடந்து போக ஆசை. வெள்ளியங்கிரி ஏறிய அனுபவம் போதுமா? எப்படித் திட்டமிடுவது?

ஏறிய அனுபவத்தை விடுங்கள். வெள்ளியங்கிரியில் இறங்கும்போது முழங்கால் என்ன பாடு பட்டது? திட்டத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.

நடை தொடங்கும் கபுலியோக் சுமார் 2,900 மீட்டர் உயரம். சோக்கெகிராவ் சுமார் 3,050. அட, இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் நடுவில் அபுரிமாக் ஆறு மலையை அறுத்துக்கொண்டு 1,500 மீட்டரில் ஓடுகிறது. அதுவரை இறங்கி, பாலம் தாண்டி, இறங்கியதை எல்லாம் மறுகரையில் ஏற வேண்டும். வந்த வழியே திரும்பினால் இன்னொரு முறை.

பள்ளத்தாக்கின் அடியில் குளிர் மலை என்ற நினைப்பே வராது. கள்ளிச் செடியும் சுள்ளென்ற வெயிலும்தான். அதனால் எந்த ஊரில் தங்குவது என்பதைவிட, எந்த நேரத்தில் எந்தச் சரிவில் இருப்பீர்கள் என்று கணக்குப் போடுங்கள். நான் போனபோது முதல் நாள் மாலையே ஆற்றைத் தாண்டி சாந்தா ரோசாவில் கூடாரம் போட்டோம். மறுநாள் விடிவதற்கு முன்பே ஏறத் தொடங்கியதால் வெயில் உறைப்பதற்குள் பாதி ஏற்றம் முடிந்தது. கால் ஒத்துழைக்காவிட்டால் ஆற்றுக்கு முன்பே சிகிஸ்காவில் தங்கலாம். அப்போது இன்னும் சீக்கிரம் எழ வேண்டும்.

பெரும்பாலான ஏற்பாட்டாளர்கள் நான்கு நாள் பயணம் என்பார்கள். நான் ஐந்து என்பேன். இவ்வளவு பாடுபட்டுப் போய்விட்டு இடிபாடுகளில் அரை நாள் சுற்றுவது அநியாயம். இன்கா காலத்துப் பெரிய ஊர் அது; பெரும்பகுதி இன்னும் காட்டுக்குள்தான் இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் ஹிராம் பிங்கம், புகழ்பெற்ற இன்னொரு இன்கா இடிபாடான மச்சு பிச்சுவுக்குப் போனது 1911-இல். இங்கே அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே வந்துவிட்டார். தலை சீவிவிட்டதுபோல் தட்டையாக்கிய குன்று, நீர்க்கால்வாய், மேல் சதுக்கம் எல்லாம் எளிதில் பார்த்துவிடலாம். லாமா என்ற ஒட்டக இன விலங்கின் பெயர் கொண்ட படிக்கட்டு வயல்கள்தான் மறுபக்கச் சரிவில் இருக்கின்றன. கறுத்த கற்சுவரில் வெள்ளைக் கல் பதித்து லாமா உருவங்கள் செய்திருக்கிறார்கள். அதற்குச் செங்குத்தாக இறங்கி ஏற வேண்டும். அவசரத்தில் பலர் விட்டுவிடுவது அதைத்தான்.

மச்சு பிச்சுவின் இன்கா பாதைக்குப் போல மாதக்கணக்கில் முன்பே அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ரோப் கார் வரும் என்று பல ஆண்டுகளாகப் பேச்சு இருக்கிறது, இதுவரை வரவில்லை. கூட்டம் இல்லாததற்கு அதுவே காரணம்.

பாதை தெளிவானது, தனியாகவும் போகலாம். ஆனால் பையை முதுகில் சுமக்காதீர்கள். கச்சோரா ஊரில் கோவேறு கழுதையும் ஓட்டுபவரும் வாடகைக்குக் கிடைப்பார்கள். வீம்புக்கு மறுத்தால் இரண்டாவது ஏற்றத்தில் தெரியும். பணத்தை பெருவின் நாணயமான சோல் நோட்டுகளாகக் கையில் வைத்திருங்கள், வழியில் ஏடிஎம் கிடையாது.

மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். மழைக்காலத்தில் மண் சரியும். குஸ்கோ நகரம் 3,400 மீட்டரில் இருப்பதால் அங்கே இரண்டு மூன்று நாள் தங்கினாலே இந்த நடைக்கு உடம்பு பழகிவிடும். திரும்பாமல் யனாமா ஊர் வழியாக மச்சு பிச்சு வரை நடக்க நினைத்தால் 4,000 மீட்டரைத் தாண்டும் கணவாய் வரும். அது வேறு கணக்கு.

ஆற்றங்கரையில் கடிக்கும் சின்ன ஈக்கள் ஏராளம். எவ்வளவு வெயில் அடித்தாலும் முழுக்கால் பேன்ட், முழுக்கைச் சட்டைதான் போடுங்கள்.