ஜெர்மனியில் முகவரிப் பதிவுப் படிவம் மதத்தைக் கேட்கிறதே, என்ன எழுதுவது?

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்கும் புரியும்படி சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நாகர்கோவில் பக்கம் கத்தோலிக்கக் குடும்பம். அடுத்த மாதம் டோர்ட்முண்டில் வேலையில் சேர்கிறீர்கள். முகவரியைப் பதிவு செய்யும் அன்மெல்டுங் படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. உண்மையை எழுதினால் சம்பளத்தில் சபைக்கான வரியைப் பிடித்துவிடுவார்கள், 'இல்லை' என்று எழுதிவிடு என்கிறார்கள் நண்பர்கள். மதச்சார்பற்ற நாட்டில் அரசாங்கத்துக்கு என் மதம் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்மையை எழுதுங்கள். சபையில் இருப்பதா வேண்டாமா என்பது தனி முடிவு. அதை வீட்டில் உட்கார்ந்து யோசித்து எடுக்க வேண்டும், அலுவலகக் கவுண்டரில் நின்றுகொண்டு எடுக்கக் கூடாது.

முதலில் பணக் கணக்கு. சபை வரி என்பது உங்கள் சம்பளத்தில் ஒன்பது சதவீதம் இல்லை. வருமான வரியில் ஒன்பது சதவீதம். பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டம்பர்க்கிலும் எட்டு, மற்ற மாநிலங்களில் ஒன்பது. மாதம் 600 யூரோ வருமான வரி கட்டுகிறவருக்கு 54 யூரோ வரும். வருடாந்திர வரிக் கணக்கில் அதைக் கழிவாகக் காட்டலாம், ஒரு பகுதி திரும்பி வரும். நான் மதுரைக்காரி, சைவக் குடும்பம். என் கணவர் திண்டுக்கல், கத்தோலிக்கர். எங்கள் இருவர் சம்பளச் சீட்டையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும்: அவர் சீட்டில் ரோமன் கத்தோலிக்கர் என்பதற்கான இரண்டெழுத்துக் குறியும் கீழே சபை வரி என்று ஒரு தொகையும் இருக்கும். என்னுடையதில் அந்த இடத்தில் இரண்டு கோடுகள்தான். இந்துவோ முஸ்லிமோ என்ன எழுதினாலும் வரி கிடையாது. வரி வசூலிக்கிற சபைகளை மட்டும்தான் பதிவேட்டில் குறிப்பார்கள். அந்தக் குறிப்பு நகராட்சியிலிருந்து வரித்துறைக்கும், அங்கிருந்து உங்கள் கம்பெனி சம்பளக் கணக்குக்கும் தானாகப் போய்விடும்.

அரசாங்கம் ஏன் சபைக்காக வசூலிக்கிறது? 1803-இல், நெப்போலியன் காலத்துப் போர்களுக்குப் பிறகு, ஜெர்மன் அரசர்கள் சபையின் நிலபுலன்களைப் பெருமளவில் எடுத்துக்கொண்டார்கள். நிலம் போனதால் பாதிரியார் சம்பளமும் கோயில் பராமரிப்பும் அரசர்கள் தலையில் விழுந்தன. அந்தச் சுமையைக் குறைக்கத்தான் 19-ஆம் நூற்றாண்டில் ஒவ்வொரு அரசாக, 'உங்கள் உறுப்பினரிடமே வரி வாங்கிக்கொள்ளுங்கள்' என்று சட்டம் போட்டது. 1919-இன் வைமர் அரசியல் சட்டம், அரசுக்கென்று தனிச் சபை எதுவும் இல்லை என்று அறிவித்தது. ஆனால் வரி விதிக்கும் உரிமையைச் சபைகளிடமே விட்டது. 1949-இல் எழுதிய இன்றைய அடிப்படைச் சட்டம் அந்தப் பிரிவுகளை அப்படியே 140-ஆம் பிரிவாக உள்ளே எடுத்துக்கொண்டது. வரித்துறை சும்மா வசூலித்துத் தருவதில்லை, வசூலில் சில சதவீதத்தைக் கூலியாக எடுத்துக்கொள்கிறது. இரண்டு பெரிய சபைகளுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 1,200 கோடி யூரோ அளவில் போகிறது.

நிலம் எடுத்ததற்கு ஈடாக மாநில அரசுகள் தரும் பணம் வேறு, ஆண்டுக்கு 50 கோடி யூரோவுக்கு மேல். அதை ஒரே தீர்வாகக் கொடுத்து முடிக்கச் சொல்லி வைமர் சட்டமே கட்டளையிட்டது. நூறு வருடம் தாண்டியும் முடியவில்லை. இது எனக்குச் சரியாகப் படவில்லை. சபை வரி உறுப்பினர் மட்டும் கட்டுவது. இந்தப் பணம் நான் உட்பட எல்லாரும் கட்டும் பொது வரியிலிருந்து போகிறது.

'ஐரோப்பா மதச்சார்பற்றது' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாதீர்கள். இங்கிலாந்தில் மன்னரே சபையின் தலைவர், 26 பிஷப்புகள் நாடாளுமன்ற மேலவையில் உட்காருகிறார்கள். பிரான்ஸ் 1905-இல் சட்டம் போட்டு அரசையும் சபையையும் பிரித்தது. அப்போது ஜெர்மனியிடம் இருந்த அல்சாஸ் பகுதிக்கு மட்டும் அது பொருந்தவில்லை, அங்கே இன்றும் பாதிரியாருக்குப் பிரெஞ்சு அரசுதான் சம்பளம் தருகிறது. நம் ஊரில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கோயில்களை அறநிலையத்துறை நிர்வகிக்கிறது. உண்டியல் திறப்பதும் அதிகாரி முன்னிலையில்தான். ஜெர்மனியில் அரசு அப்படி உள்ளே வந்து நிர்வாகம் செய்யாது. ஒப்பந்தம் போட்டு, வரி வசூலித்துக் கொடுத்து, அரசுப் பள்ளியில் மத வகுப்புக்கு இடமும் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கும். இந்த ஏற்பாட்டை நான் மதிக்கிறேன். யாருக்கு எவ்வளவு போகிறது என்பது சீட்டில் தெரிகிறது, வேண்டாம் என்பவருக்கு வெளியேற வழியும் இருக்கிறது.

குறை, எல்லா மதத்துக்கும் அது ஒரே மாதிரி திறந்திருக்கவில்லை என்பதுதான். உறுப்பினர் பட்டியல், நிலையான அமைப்பு எல்லாம் சபைகளை மனத்தில் வைத்து எழுதிய நிபந்தனைகள். 50 லட்சத்துக்கும் மேல் முஸ்லிம்கள் இருக்கிறார்கள், ஆனால் வரி விதிக்கும் உரிமை தருகிற 'பொதுச் சட்ட அமைப்பு' என்ற அந்தஸ்து, அகமதியா ஜமாத் என்ற சிறிய பிரிவுக்குத்தான் 2013-இல் ஹெஸ்ஸன் மாநிலத்தில் முதலில் கிடைத்தது, பெரிய அமைப்புகளுக்கு இன்னும் இல்லை. நம்மவர்களில் ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் 2017-இல் அந்த அந்தஸ்தைப் பெற்றது. நீங்கள் இருக்கப்போகும் இடத்திலிருந்து பக்கம்தான், ஒரு தடவை தேருக்குப் போய்ப் பாருங்கள். தொழிற்பேட்டைக்கு நடுவே ராஜகோபுரம் நிற்கும். சரக்குக் கப்பல் போகிற கால்வாயில்தான் தீர்த்தம். அகதியாக வந்த ஈழத் தமிழர்கள் எழுப்பிய கோயில், சட்டத்தின் கண்ணில் இன்று பிஷப்பின் சபைக்குச் சமமான அந்தஸ்தில் இருக்கிறது. வரி விதிக்கவும் உரிமை உண்டு, கோயில் அதைப் பயன்படுத்துவதில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கத்தோலிக்கருக்கு உறுப்பினர் தகுதி படிவத்தால் வருவதில்லை, ஞானஸ்நானத்தால் வருகிறது. எந்த நாட்டில் பெற்றிருந்தாலும் இங்கே குடியேறியதும் இங்குள்ள சபையின் உறுப்பினர்தான். 'இல்லை' என்று எழுதிவிட்டு, பிறகு கல்யாணத்துக்கோ பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கோ பங்குத்தந்தையிடம் போய் நின்றால் விஷயம் வெளியே வரும், பழைய வரியையும் கேட்கலாம். பொய் எழுதி ஐம்பது யூரோ மிச்சம் பிடிக்கிற யோசனையை விட்டுவிடுங்கள்.

வெளியேறத்தான் வேண்டும் என்றால் முறையான வழி உண்டு. டோர்ட்முண்ட் இருக்கும் நம் நார்த்ரைன்-வெஸ்ட்பாலியா மாநிலத்தில் அம்ட்ஸ்கெரிஷ்ட் என்ற உள்ளூர் நீதிமன்றத்துக்கு பாஸ்போர்ட்டோடு நேரில் போய், 30 யூரோ கட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். காரணம் கேட்க மாட்டார்கள். வருடத்துக்கு லட்சக்கணக்கானோர் இப்படிப் போகிறார்கள், அதனால் இரண்டு பெரிய சபைகளின் உறுப்பினர்களும் இன்று மக்கள்தொகையில் பாதிக்கும் கீழே. ஆனால் வெளியேறியவருக்குப் பாவசங்கீர்த்தனமும் நற்கருணையும் கிடையாது, ஞானப்பெற்றோராக நிற்க முடியாது என்று ஜெர்மன் ஆயர்கள் 2012-இல் ஆணையே போட்டிருக்கிறார்கள். வரியை நிறுத்திவிட்டு ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் போகலாம் என்பதை அவர்கள் ஏற்பதில்லை. விசுவாசம் உள்ள பிள்ளை நீங்கள், உங்கள் அம்மாவுக்கு இது எவ்வளவு வலிக்கும் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, உங்கள் மனைவி நர்ஸ் என்று எழுதியிருந்தீர்கள். இங்கே கத்தோலிக்க கரிதாஸ், சீர்திருத்த சபையின் டியாகோனி என்ற சேவை அமைப்புகள் இரண்டிலும் சேர்த்துப் பத்து லட்சம் பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள். ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம் என்று கணிசமான பகுதி அவர்கள் கையில். கத்தோலிக்க ஆஸ்பத்திரி இந்து நர்ஸையும் முஸ்லிம் நர்ஸையும் எடுக்கும், ஆனால் சபையை விட்டு வெளியேறிய கத்தோலிக்கரைப் பொதுவாக எடுக்காது. உங்கள் மனைவிக்கு எந்த ஆஸ்பத்திரியில் இடம் கிடைக்கிறது என்று தெரியும்வரை இருவருமே நீதிமன்றப் பக்கம் போக வேண்டாம்.

கட்டும் பணத்தில் நமக்கும் ஒரு பங்கு திரும்பி வருகிறது, அதையும் சொல்ல வேண்டும். எஸ்ஸனைச் சுற்றித் தமிழ்ப் பூசை நடக்கிறது, தமிழ்க் குருவுக்கு மறைமாவட்டம்தான் செலவு செய்கிறது. ஆகஸ்டில் கெவலார் மாதா கோயிலுக்குத் தமிழர் யாத்திரை உண்டு, சைவக்காரர்களும் குடும்பத்தோடு வருவோம். வந்து சேர்ந்ததும் எழுதுங்கள் தம்பி. பதிவுக்குப் போகும்போது வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட சான்று கட்டாயம் வேண்டும், குடியேறி இரண்டு வாரத்துக்குள் போய்விடுங்கள்.