கோவர்த்தன் கிராமத்துக்குப் போகலாமா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

மகாராஷ்டிரத்தில், ‘ஹரே கிருஷ்ணா’ இயக்கம் என்று அறியப்படும் இஸ்கான் அமைப்பினர் நடத்திவரும் கோவர்த்தன் சூழல் கிராமத்தைப் பற்றி வாசகர்கள் எழுதியனுப்பிய கேள்விகள் இம்முறை பதிலுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன.

கேள்வி: மும்பையிலிருக்கும் மகள் வீட்டுக்கு நானும் என் கணவரும் செல்லவிருக்கிறோம். அங்கிருந்து கோவர்த்தன் கிராமத்துக்கு அழைத்துப் போவதாக மகள் சொல்கிறாள். அது கோயிலா, ஆசிரமமா, சுற்றுலா விடுதியா? எந்த மாதத்தில் போவது நல்லது?
– வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: மூன்றும் சேர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் எதை முதலில் வைத்துப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தே நமக்குக் கிடைப்பதும் அமைகிறது. பால்கர் மாவட்டத்தின் வாடா வட்டத்தில், கால்தரே என்னும் ஊரையொட்டி, சகியாத்திரி மலையடிவாரத்தில் இக்கிராமம் இருக்கிறது. மும்பை சௌபாத்தி ராதா கோபிநாத் கோயிலைச் சேர்ந்த அன்பர்கள், இஸ்கான் துறவி ராதாநாத சுவாமியின் வழிகாட்டுதலில் 2003-இல் இதைத் தொடங்கினர். இந்திரனுக்குச் செய்துவந்த பூசையை நிறுத்தி, தங்களுக்குப் புல்லும் நீரும் தரும் மலைக்கும் பசுக்களுக்கும் பூசை செய்யச் சொன்ன கண்ணனின் கதையிலிருந்தே பெயர் வந்தது.

மும்பையிலிருந்து வடக்கே ஏறத்தாழ 110 கி.மீ. தொலைவு. சாலை வழியாகச் சென்றால் மூன்று மணி நேரம் ஆகலாம். நெரிசலில் சிக்கினால் இன்னும் கூடும். மேற்கு வழி மின்சார ரயிலில் விரார் அல்லது பால்கர் வரை சென்று, அங்கிருந்து வாடகைக் கார் எடுத்துக்கொள்வதும் உண்டு. நவம்பர் முதல் பிப்ரவரி வரை நடமாட ஏற்ற காலம். சூன் பிறந்தால் அந்த மலையடிவாரத்தில் மழை விடாமல் கொட்டும். பசுமை கண்ணுக்கு விருந்துதான் என்றாலும், முழங்கால் வலியுள்ளவர்கள் சேற்றிலும் சரிவிலும் நடப்பது கடினம். வார இறுதி நாள்களில் மும்பைக் கூட்டம் வந்துவிடும் என்பதால் வேலை நாளாகப் பார்த்துச் செல்லுங்கள். அறைக்கு முன்கூட்டியே பதிவு செய்துவிட்டு ஓர் இரவாவது தங்குங்கள். மாலையில் திரும்பிவிடுகிறவர்கள் கோயில்களையும் பூங்காவையும் மட்டுமே பார்க்கிறார்கள். அந்த ஊரின் நாளோ விடியுமுன் மங்கள ஆரத்தியோடு தொடங்கிவிடுகிறது.

கேள்வி: நாங்கள் சிவ வழிபாட்டுக் குடும்பம், இஸ்கான் அன்பர்கள் அல்லர். எங்களை வேற்றாளாக நடத்துவார்களா? சாப்பாட்டில் என்னென்ன கட்டுப்பாடு?
– குடும்பத் தலைவி, தென்காசி

பதில்: நெற்றியைப் பார்த்து யாரும் ஒதுக்க மாட்டார்கள். அவர்களுடையது வங்காளத்துச் சைதன்யர் வழிவந்த கௌடீய வைணவம். நம்மூர்ப் பெருமாள் கோயில் மரபோடு ஒப்பிட்டாலே பூசை முறையிலும் தத்துவத்திலும் பல வேறுபாடுகள் தெரியும். அந்தப் புதுமை உங்களுக்கு மட்டுமல்ல, திருமண் இட்டுச் செல்பவருக்கும் இருக்கும். ஆண்களைப் ‘பிரபு’ என்றும் பெண்களை ‘மாதாஜி’ என்றும் அழைப்பது அவர்களுடைய வழக்கம் என்பதால், முதல்முறை கூப்பிடும்போது வேறு யாரையோ என்று நினைத்துத் திரும்பிப் பார்க்காதீர்கள். வலக்கையைத் துணிப்பைக்குள் விட்டபடி நடப்பவர்கள் செபமாலை உருட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்நேரத்தில் வழி கேட்டு நிறுத்தாமலிருப்பது நாகரிகம்.

இறைச்சி, மீன், முட்டை கிடையாது என்பதைச் சொல்லவே வேண்டாம். வெங்காயமும் பூண்டும் இல்லை. மது, புகையிலையோடு காப்பியும் தேநீரும்கூடப் போதைப் பொருள் கணக்கில் சேர்ந்து விலக்கப்பட்டவை. நம்மவர்களுக்கு உண்மையான விரதம் இதுதான். காப்பித்தூளை ஒளித்து எடுத்துப் போவதைவிட, ஒரு நாள் தலைவலியைப் பொறுத்துக்கொள்வது விருந்தினர்க்கு அழகு. ஏகாதசியன்று அரிசி, கோதுமை, பருப்பு எதுவும் சமைக்கமாட்டார்கள் என்பதால், வேளை தவறாமல் சோறு உண்ண வேண்டிய முதியவர்களும் நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்களும் பஞ்சாங்கத்தைப் பார்த்து நாளைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

கேள்வி: எட்டு ஏக்கரில் நெல்லும் வாழையும் பயிரிடுகிறேன்; நான்கு மாடுகள் உள்ளன. என்னைப் போன்ற விவசாயி அங்கே கற்றுக்கொள்ள ஏதேனும் உண்டா, அல்லது எல்லாம் நகரத்தாருக்கான காட்சிதானா?
– விவசாயி, அம்பாசமுத்திரம்

பதில்: கற்றுக்கொள்ள இருக்கிறது, ஆனால் அது நெல் வயலில் இல்லை என்பது என் கருத்து. ‘வாடா கோலம்’ என்னும் அவ்வட்டாரத்து அரிசி 2021-இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பெருமை தலைமுறைகளாக அதை விளைவித்துவரும் சுற்றுவட்டார உழவர்களுக்கு உரியது. நெல்லைப் பற்றிப் பேச வேண்டுமானால் அவர்களைத் தேடிப் போங்கள்.

கோவர்த்தனில் முதலில் கழிவுநீர் போகும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். அங்கு ஐ.ஐ.டி. மும்பையில் உருவான மண்சார் சுத்திகரிப்பு முறையைப் பயன்படுத்துகிறார்கள். கழிவறை, குளியலறை, சமையற்கட்டு ஆகியவற்றின் நீரைத் தொட்டியில் தெளியவைத்து, மண்ணும் கனிமத் துகள்களும் நுண்ணுயிர்களும் மண்புழுக்களும் சேர்ந்த பாத்தியின் மீது பரப்புகிறார்கள். செடிகள் வளர்ந்து நிற்கும் அந்தப் பாத்தியின் அடுக்குகளினூடே வடிந்து கீழே வரும்போது, அந்நீர் தோட்டத்துக்குப் பாய்ச்சும் தரத்துக்கு வந்துவிடுகிறது. காற்றூதும் இயந்திரம் தேவையில்லை. நீரை ஏற்றி இறைக்கும் பம்புக்கு மட்டுமே மின்சாரம். பக்கத்தில் நின்றாலும் மூக்கைப் பொத்த வேண்டியிருப்பதில்லை. ஒரு வீட்டுக்கு இது பெரிய ஏற்பாடு. ஆனால் திருமண மண்டபமோ பள்ளி விடுதியோ உள்ள ஊருக்குப் பெரிதும் பொருந்தும்.

அடுத்தது கோசாலை. கோசாலைக்குப் போகிறவர்கள் பசுவைத் தொட்டு வணங்கிப் படம் எடுத்துக்கொண்டு வருவார்கள். நீங்கள் மாடு வளர்ப்பவர்; பால் வற்றிப்போன பசுவையும் காளைக்கன்றையும் எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்று கேளுங்கள். கன்று ஈன்றபின் பத்து மாதம் அளவுக்குப் பால் தரும் பசு இருபது ஆண்டுகள் வரை வாழக்கூடியது. பிறக்கும் கன்றுகளில் பாதி காளையாகவே இருக்கும். ஒன்றையும் அடிமாட்டுக்கு அனுப்புவதில்லை என்ற நெறியோடு மந்தையை வைத்திருந்தால், தீவனச் செலவைப் பால் மட்டும் ஒருநாளும் ஈடுகட்டாது. சாணமும் கோமியமும் உழைப்பும் கணக்கில் வந்தாக வேண்டும். மாடு ஒன்று நாளுக்குப் பத்து கிலோ சாணம் போடுவதாகக் கொண்டால், அதிலிருந்து சுமார் 0.4 கன மீட்டர் எரிவாயு கிடைக்கும். வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ எரிவாயு உருளை ஒன்றுக்கு ஈடாக, ஒரு மாட்டின் ஏறத்தாழ எண்பது நாள் சாணம் வேண்டும். உங்கள் நான்கு மாடுகளின் சாணம் முழுவதையும் கலனில் இட்டால், மூன்று வாரத்துக்கு ஓர் உருளை மிச்சம். வெளிவரும் சாணக்கரைசல் வாழைக்கு நேராகப் போகும். கோவர்த்தனில் இதே கணக்குப் பெரிய அளவில் நடப்பதை அடுப்படி வரை சென்று பார்க்கலாம்.

அங்குள்ள கட்டடங்கள் பலவும், சிறிதளவு சிமெண்ட் கலந்த மண்ணை இயந்திரத்தில் அழுத்தி, சூளையில் சுடாமல், நீர் தெளித்துப் பதப்படுத்திய கற்களால் எழுப்பப்பட்டவை. அதற்காக மட்டும் மகாராஷ்டிரம் செல்ல வேண்டியதில்லை. ஆரோவில்லில் நெடுங்காலமாக இவ்வகைக் கல் செய்து, பயிற்சியும் அளித்துவருகிறார்கள்.

கேள்வி: நகரத்துச் செல்வந்தர்களின் நன்கொடையிலும் விருந்தினர் தரும் அறை வாடகையிலும் நடக்கும் ஓரிடத்தைத் தற்சார்பு வாழ்வுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது நியாயமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தருமபுரி

பதில்: தற்சார்பு என்பதை அதன் முழுப் பொருளில் எடுத்துக்கொண்டால் நியாயமில்லை. கடன் வாங்கி விதை வாங்கும் சிறு விவசாயியின் நிலையையும், பின்னால் பெரிய சமய அமைப்பு நிற்கும் பண்ணையின் நிலையையும் ஒன்றாக வைத்துப் பேசுவது அந்த விவசாயிக்குச் செய்யும் அநீதி. திருவிழா நாளில் வரும் அத்தனை பேருக்கும் வேண்டிய அரிசியில் எவ்வளவு அங்கேயே விளைந்தது என்று கேட்க எந்த விருந்தினருக்கும் உரிமை உண்டு, கேளுங்கள்.

அதே வேளையில், வெளியார் கொடையில்லாமல் எந்தக் கோயிற் பொருளாதாரமும் நடந்ததில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். சோழர் காலத்தில் அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடுகளைக் கொடையாகக் கொடுத்து, அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்லில் வெட்டிவைத்தார்கள். ஆட்டைப் பெற்றுக்கொண்ட இடையர், நாள்தோறும் ஓர் உழக்கு நெய்யைக் கோயிலுக்கு அளக்க வேண்டும்; ஆடு செத்தாலும் கிழடானாலும் எண்ணிக்கையைக் குறையவிடாமல் காப்பது அவர் பொறுப்பு. கொடையை மந்தையாகக் கொடுத்து, அதைப் பெருக்கும் கடமையையும் சேர்த்துக் கட்டிவைத்த அந்த ஏற்பாட்டின் முன், பணமாகக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளும் இன்றைய முறை மெலிந்ததுதான். கோவர்த்தனைத் தற்சார்புக் கிராமம் என்பதைவிட, பிறர் செலவில் நடக்கும் பெரிய சோதனைத் தோட்டம் என்று நான் சொல்வேன். சோதனைக்கு ஆகும் செலவை வசதியுள்ளவர்கள் ஏற்றுக்கொள்வதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்னும் கணக்கைச் சுற்றியுள்ள வார்லி பழங்குடியினர் குடியிருப்புகளின் உழவர்கள் எளிதாகத் தெரிந்துகொள்ள முடிகிறதா என்பதை வைத்தே அந்தத் தோட்டத்தை எடைபோட வேண்டும்.

கேள்வி: என் மகன் ஹங்கேரியில் வேலை பார்க்கிறான். அந்த நாட்டிலும் இதுபோன்ற ஒரு கிருஷ்ண பக்தர் கிராமம் உண்டாமே?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: உண்டு. பலாட்டன் ஏரிக்குத் தெற்கே, சோமோட்யுவாமோஷ் என்னும் சிற்றூரை அடுத்து 1993-இல் தொடங்கிய ‘கிருஷ்ணப் பள்ளத்தாக்கு’தான் அது. இஸ்கான் அமைப்பின் முதல் பண்ணைக் குடியிருப்பு 1968-இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் உருவான ‘நியூ விருந்தாவன்’. ஆனால், பண்ணையாகவே பார்க்க விரும்புகிறவருக்கு நான் ஹங்கேரியைத்தான் சொல்வேன். அங்கே எருதுகளைப் பழக்கி வேலை வாங்குகிறார்கள். கழிவுநீரை நாணல் வேர்களினூடே செலுத்தித் தெளியவைக்கிறார்கள். அங்கு வாழ்பவர்களில் பெரும்பாலோர் ஹங்கேரியர்கள் என்பதால், புடவை கட்டிய ஐரோப்பியப் பெண் பசுவிடம் ஹங்கேரிய மொழியில் பேசிக்கொண்டே பால் கறப்பதை உங்கள் மகன் பார்க்கலாம். சூலையில் நடக்கும் ஆண்டு விழாவின்போது கூட்டம் மிகுதியாக இருக்கும். எருதுகளையும் தோட்டத்தையும் நிதானமாகப் பார்க்க வேண்டுமானால், மே இறுதியிலோ செப்டம்பரிலோ ஒரு வேலை நாளில் போகச் சொல்லுங்கள். பனி விழும் மாதங்களில் வயலில் பார்க்க ஒன்றும் இருக்காது.