கார் இருக்கு, பெட்ரோல் போட காசில்ல

கேள்வி: 1930கள்ல கனடாவுல காரைக் குதிரை கட்டி இழுத்தாங்களாமே, நிஜமாவா சார்? (மதுரை வாசகர்)

பதில்: நிஜம்தாங்க. 1920கள்ல கோதுமை நல்ல விலை போச்சு, சஸ்காச்சுவான் மாகாணத்துப் பக்கம் விவசாயிங்க கடனை வாங்கி காரு, டிராக்டர்னு வாங்கிப் போட்டாங்க, 1929ல ஒரு புஷல் (சுமார் 27 கிலோ) ஒன்றரை டாலர் வரைக்கும் போன கோதுமை 1932ல 40 சென்ட்டுக்கும் கீழ இறங்கிடுச்சு, மழையும் பொய்த்து புழுதிக் காத்தும் வெட்டுக்கிளியும் சேர்ந்துக்கிச்சு. பெட்ரோலுக்கு வழியில்லாம இன்ஜினைக் கழட்டிட்டு குதிரையைப் பூட்டுனாங்க. அதுக்கு பிரதமர் பென்னட் பேரையே வச்சு 'பென்னட் பக்கி'ன்னு (பக்கின்னா இங்கிலீஷ்ல குதிரை வண்டி) கூப்பிட்டாங்க, அவ்வளவு கோபம் அந்த ஆள் மேல. கிழக்குக் கரையில இருந்து நிவாரணமா ரயில்ல உப்புக்கண்டம் போட்ட காட் மீன் வந்துச்சு, கடலையே பார்க்காத ஜனங்களுக்கு அதை எப்படி சமைக்கிறதுன்னே தெரியல, பாவம்.

எனக்கு மனசு ஆறாத விஷயம் கேம்ப்தான். வேலையில்லாத, கல்யாணம் ஆகாத ஆம்பளைங்களை ராணுவ இலாகா நடத்துன முகாம்ல வச்சு ரோடு போட வச்சாங்க, சாப்பாடு, படுக்கை போக ஒரு நாளைக்கு 20 சென்ட். இது அநியாயம்ங்க! 1935 ஏப்ரல்ல ஸ்ட்ரைக் பண்ணி வான்கூவர்ல கூடுனாங்க, ஜூன்ல சரக்கு ரயில் மேல ஏறி தலைநகர் ஒட்டாவாவுக்கே கிளம்பிட்டாங்க, வழியில ரெஜைனா நகரத்துல மறிச்சு ஜூலை 1 அன்னிக்கு போலீஸ் கலைக்கப் போய் பெரிய கலவரமாயிடுச்சு. அக்டோபர் தேர்தல்ல பென்னட் தோத்தார், அடுத்த வருஷம் முகாம்களை மூடிட்டாங்க.