வெள்ளைக் கற்களை இனம் காண்பது எப்படி?

கேள்வி: புவியியல் அருங்காட்சியகத்தில் குவார்ட்ஸ், கால்சைட், ஃபெல்ட்ஸ்பார் மூன்றும் வெள்ளையாகவே தெரிகின்றன. தொடாமல், கண்ணாடிக்கு வெளியே நின்றபடியே இவற்றை வேறுபடுத்திப் பார்க்க முடியுமா? – வாசகர், சேலம்

பதில்: முடியும், ஆனால் நிறத்தை நம்பாதீர்கள். சிறிதளவு இரும்பும் இயற்கைக் கதிர்வீச்சும் சேர்ந்தாலே குவார்ட்ஸ் ஊதா நிற அமெதிஸ்ட் ஆகிவிடுகிறது. கல் எப்படி உடைந்திருக்கிறது என்று பாருங்கள். குவார்ட்ஸுக்குப் பிளவுத்தளம் (கல் சமமாகப் பிளந்து வரும் தட்டையான தளம்) கிடையாது என்பதால் அது சிப்பியின் உட்புறம்போல வளைந்து உடையும். முழுப் படிகமாக இருந்தால், அறுபட்டையான அதன் பக்கங்களில் குறுக்காக ஓடும் நுண்ணிய கோடுகளைச் சற்றுச் சாய்ந்து நின்று, வெளிச்சம் பட்டுத் தெறிக்கும் கோணத்தில் காணலாம். கால்சைட் மூன்று திசைகளில் பிளந்து சாய்ந்த கட்டங்களாக உடையும். தெளிவான கால்சைட் துண்டின் அடியில் ஒரு கோடு வரைந்த தாளை வைத்திருந்தால் அந்தக் கோடு இரண்டாகத் தெரியும். ஃபெல்ட்ஸ்பாரின் இரு பிளவுத்தளங்களும் ஏறத்தாழச் செங்கோணத்தில் சந்திக்கும்.

உங்கள் ஊர்ச் சுரங்கங்களின் மேக்னசைட்டும் வெள்ளைதான். ஆனால் அதில் படிக முகங்களைத் தேடுவது பெரும்பாலும் வீண். அது பீங்கானைப் போல மங்கலாக, இறுகிய கட்டியாகவே இருக்கும்.