காய்ந்த விறகு என்று சொல்லித்தான் விற்றார்கள்

இலையுதிர்காலம் தொடங்கிவிட்டது. குளிருக்கு அறையைச் சூடாக்கும் கணப்படுப்பில் முதல் தீ மூட்டியவர்களும் மூட்டப் போகிறவர்களும் எழுதிய கடிதங்கள் இவை. சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: காய்ந்த விறகு என்று ஒரு லோடு வாங்கினோம். எரியும்போது கட்டையின் முனையில் நுரை தள்ளுகிறது, சீறுகிறது. அடுப்புக் கண்ணாடி ஒரே இரவில் கறுத்துவிட்டது. விற்றவரைக் கேட்டால் அடுப்பில்தான் கோளாறு என்கிறார்.

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். நுரையாக வருவது மரத்துக்குள் இருக்கும் தண்ணீர். அதற்கு அடுப்பு என்ன செய்யும்?

வெட்டிய புதிதில் மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீர்தான். எரிக்கத் தகுந்த விறகில் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அப்படிக் காய்ந்த ஒரு கிலோ விறகு சுமார் 4 கிலோவாட் மணி வெப்பம் தரும். பச்சை விறகு ஒரு கிலோ அதில் பாதியைத்தான் தரும். நஷ்டம் அதோடு நிற்பதில்லை. ஈரம் ஆவியாகும்போது தீ சூடு இழக்கிறது, புகை முழுதாக எரியாமல் மேலே போய்ப் புகைபோக்கியின் உட்சுவரில் தாராகப் படிகிறது. அந்தத் தார் பற்றிக்கொண்டால் புகைபோக்கிக்குள் வெப்பம் 1000 டிகிரியையும் தாண்டும். ஈர விறகை விற்பவர் வீட்டுக்குள் இந்த ஆபத்தையும் சேர்த்தே இறக்கிவிட்டுப் போகிறார். எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

"மரம் விழுந்து ஒரு வருஷம் ஆச்சு" என்பார்கள். அந்தக் கணக்கு செல்லாது. பிளக்காத கட்டை பட்டையோடு கிடந்தால் உள் ஈரம் லேசில் போகாது. பிளந்து, காற்று புகும்படி அடுக்கி, மேலே மட்டும் மூடி வைத்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். பைன் போன்ற மென்மரத்துக்கு நல்ல கோடை ஒன்று போதும். ஓக் மரத்துக்கு இரண்டு வருடமாவது வேண்டும். இங்கிலாந்தில் 2 கன மீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகில் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற சட்டம் 2021 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அப்படிச் சட்டம் இல்லாத இடத்தில் வாங்குகிறவர்தான் அளந்து பார்த்தாக வேண்டும்.

இரண்டு ஊசி உள்ள சின்ன ஈரமானி போதும். ஒரு கட்டையை அங்கேயே பிளக்கச் சொல்லி, புதிதாகப் பிளந்த உட்பக்கத்தின் நடுவில் குத்துங்கள். வெட்டுமுனைதான் முதலில் காயும், அங்கே வரும் எண்ணை நம்பக் கூடாது. எனக்கு விற்றவர் வெட்டுமுனையில் குத்தித்தான் 16 என்று காட்டினார். வீட்டில் பிளந்து பார்த்தால் 34. அந்த லோடு அடுத்த குளிர்காலத்துக்குத்தான் உதவியது.

பிளந்த கட்டையை ஈரமானியோடு படம் எடுத்து, எழுத்துமூலமாகப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தர மறுத்தால் நுகர்வோர் புகாருக்கு அதுவே சான்று. இந்தக் குளிருக்குச் சூளையில் உலர்த்திய விறகோ அழுத்திய மரத்தூள் கட்டையோ வாங்கிக்கொள்ளுங்கள். ஈர விறகை அடுக்கி வையுங்கள், எரிக்க வேண்டாம்.

கேள்வி: ஒரு லோடு என்றால் எவ்வளவு விறகு?

பதில்: வண்டிக்காரர் இறக்கியது எவ்வளவோ, அவ்வளவு. அது அளவே அல்ல. கன மீட்டரில் கேளுங்கள், அடுக்கிய கணக்கா கொட்டிய கணக்கா என்றும் கேளுங்கள். கொட்டிய ஒரு கன மீட்டரை அடுக்கினால் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் தேறும். அமெரிக்காவிலும் கனடாவிலும் கார்ட் என்பது அடுக்கிய 128 கன அடி: 4 அடி உயரம், 4 அடி அகலம், 8 அடி நீளம். எடைக்கு மட்டும் வாங்காதீர்கள். ஈரம் கூடக் கூட விற்பவருக்குத்தான் லாபம்.

கேள்வி: பெரிதாக இருக்கட்டும் என்று 12 கிலோவாட் அடுப்பு வாங்கினோம். அறை 5 மீட்டருக்கு 4 மீட்டர். இப்போது குளிர் அதிகம் இல்லை, உட்கார முடியாத அளவு சூடாகிறது. காற்றுத் துவாரத்தை அடைத்து இரவு முழுக்கப் புகைய விடுகிறோம். சரிதானா?

பதில்: தவறு, இன்றே நிறுத்துங்கள். காற்று இல்லாமல் புகைந்தால் காய்ந்த விறகும் தாரைத்தான் கக்கும். வாங்கும் முன் அறையை ஒருமுறை அளந்திருக்கலாமே! நீளம், அகலம், உயரம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி 14-ஆல் வகுத்தால் தேவையான கிலோவாட் தோராயமாகத் தெரியும். கூரை உயரம் 2.4 மீட்டர் என்றால் உங்களுக்கு மூன்றரை போதும். கடைக்காரர் மாற்றித் தருவாரா என்று கேட்டுப் பாருங்கள். அதுவரை கனமான கட்டைகளைக் கீழே வைத்து, சுள்ளிகளை மேலே அடுக்கி, உச்சியில் பற்றவையுங்கள். கொஞ்சம் விறகு, தாராளமான காற்று, நல்ல சுடர். ஒன்றிரண்டு மணி நேரத்தில் தானாக அணையட்டும்.

கேள்வி: கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி அவசியமா? புகை எச்சரிக்கைக் கருவி ஏற்கெனவே இருக்கிறது.

பதில்: அவசியம். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகைக் கருவிக்கு அது தெரியாது. ஆயுள் முடியும் தேதியைப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: போன வருடம் நன்றாக எரிந்த அடுப்பு, இந்தப் பருவத்தில் மூட்டியதும் அறைக்குள் புகை விடுகிறது. புதிது வாங்கலாமா?

பதில்: புகைபோக்கியை எப்போது சுத்தம் செய்தீர்கள் என்று எழுதவில்லை. வருடத்துக்கு ஒருமுறையாவது ஆள் வைத்துச் செய்ய வேண்டும். கோடையில் பறவை கூடு கட்டியிருந்தாலும் புகை திரும்பும். அடைப்பு இல்லையென்றால் காரணம் பருவம்தான்: வெளியே இதமாக இருக்கும்போது, குளிர்ந்து கிடக்கும் புகைபோக்கி புகையை இழுக்காது. சமையலறைக் காற்றை வெளியே தள்ளும் காற்றாடியை நிறுத்தி, ஒரு செய்தித்தாளைச் சுருட்டி எரித்துப் புகைபோக்கியைச் சூடாக்கிவிட்டுப் பிறகு மூட்டுங்கள். புது அடுப்பு தேவையில்லை.

கேள்வி: பழைய அடுப்பு ஒன்று மலிவாக வருகிறது. எதைப் பார்ப்பது?

பதில்: டார்ச் அடித்து உள்ளே விரிசல் தேடுங்கள். மேல்தகடு வளைந்திருக்கிறதா பாருங்கள். கதவிடுக்கில் காகிதம் வைத்து மூடி இழுங்கள்; எளிதில் உருவிக்கொண்டு வந்தால், கதவோரத்தில் இடுக்கை அடைக்கும் கயிறு தேய்ந்துவிட்டது. கயிற்றை மாற்றலாம். விரிசல் இருந்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: கட்டட வேலையில் மிஞ்சிய பெயின்ட் அடித்த பலகைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. எரிக்கலாமா?

பதில்: கூடாது. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். பூச்சி அரிக்காமல் மருந்து ஏற்றிய பழைய மரத்தில் ஆர்செனிக் இருக்கலாம், அது சாம்பலிலும் தங்கும். பெயின்டும் மருந்தும் படாத துண்டுகள் இருந்தால் மட்டும் பொறுக்கி எடுத்து, தீ மூட்டச் சுள்ளியாகப் பிளந்து வைத்துக்கொள்ளுங்கள்.