ஆப்பிள் பைக்கு எந்த ஆப்பிள் வாங்குவது?

கேள்வி: மகளின் பிறந்தநாளுக்கு ஓடிஜியில் (சின்ன மின்சார ஓவன்) ஆப்பிள் பை செய்தேன், அதாவது மாவு ஓட்டுக்குள் ஆப்பிள் துண்டுகளை வைத்து வேகவைக்கும் பண்டம். நல்ல சிவப்பாகப் பார்த்து சிம்லா ஆப்பிள் வாங்கியும் உள்ளே கூழாகிவிட்டது. அடிமாவு சொதசொதவென்று நின்றது. பச்சை ஆப்பிள்தான் போட வேண்டுமா? எங்கள் ஊருக்கு அது எப்போதாவதுதான் வருகிறது.
- வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: தப்பு பழத்தில்தான். சிம்லா ஆப்பிள் என்று நம் கடைகளில் விற்பது பெரும்பாலும் டெலிசியஸ் வகை. அப்படியே கடித்துத் தின்ன அருமை. இனிப்பு உண்டு, புளிப்பு குறைவு. ஆப்பிளின் சதையை ஒட்டவைத்துப் பிடித்திருப்பது பெக்டின். பழத்தில் புளிப்பு இருந்தால் சூட்டிலும் அது சட்டென்று கரையாது. புளிப்பு இல்லாத பழம் குழைந்துவிடும். வடக்கே அறுவடை ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை. பங்குனி, சித்திரையில் நம் கைக்கு வருவது மாதக்கணக்கில் குளிர்பதனக் கிடங்கில் கிடந்த பழம். புளிப்பு இன்னும் இறங்கியிருக்கும்.

பச்சை ஆப்பிளின் பெயர் கிரானி ஸ்மித். 1868-ல் சிட்னி பக்கம் மரியா ஆன் ஸ்மித் என்ற பாட்டியின் தோட்டத்தில் தானாக முளைத்த மரம் அது. கோவையில் பெரிய பழக்கடைகளில் கேட்டால் கிடைக்கும். சின்ன ஊர்களில் "புளிக்குமுங்க, யாரும் வாங்கறதில்லீங்க" என்பார்கள். நமக்கு வேண்டியதே அந்தப் புளிப்புதான்! ஆனால் முழுக்க அதையே போட்டால் சர்க்கரையை அள்ளிக் கொட்ட வேண்டிவரும். எட்டு அங்குலத் தட்டுக்கு ஒரு கிலோ பழம் என்றால், நான்கு பச்சை, இரண்டு ஃபியூஜி என்று கலப்பேன். ஃபியூஜி இனிப்பு, சதையும் கெட்டி. பிங்க் லேடி கண்ணில் பட்டால் யோசிக்காமல் வாங்குங்கள். அதில் இனிப்பு, புளிப்பு இரண்டும் உண்டு. காலா ஆப்பிள் சீக்கிரம் குழையும், வேண்டாம்.

கடைக்காரர் சொல்லும் பெயரில் சந்தேகமா? முழுதாக வாங்கும் முன் ஒரே ஒரு பழம் வாங்கி வாருங்கள். அரை சென்டிமீட்டர் கனத்தில் இரண்டு துண்டு வெட்டி, தோசைக்கல்லில் துளி வெண்ணெய் விட்டு, சிறுதீயில் பக்கத்துக்கு மூன்று நிமிடம் போடுங்கள். கரண்டியால் அழுத்தினால் ஓரம் நிற்க வேண்டும், நடுவில் மட்டும் இளகலாம். மொத்தமாக மசிந்தால் அந்தப் பழத்தை ஜாமுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பச்சை ஆப்பிள் கிடைக்கவே இல்லை என்றால்? ஃபியூஜியை மட்டும் வைத்தே ஒப்பேற்றலாம். நறுக்கிய துண்டுகள் மூழ்கும்படி கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடிவைத்து, நன்றாக வடித்துவிடுங்கள். 60 முதல் 70 டிகிரி சூட்டில் பழத்திலேயே உள்ள ஒரு நொதி பெக்டினைக் கெட்டிப்படுத்தும். அப்புறம் அடுப்பில் எவ்வளவு வெந்தாலும் துண்டு துண்டாகவே நிற்கும். பிறகு ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, 100 கிராம் சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி சோளமாவு (கார்ன்ஃப்ளார்), கொஞ்சம் பட்டைத்தூள். கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை பக்கத்திலேயே கிடைக்கும்போது வெள்ளைச் சர்க்கரை எதற்கு என்பது என் கட்சி. அது ஈரமானது, நீர் கூடுதலாக விடும். அதனால் சோளமாவை அரைக்கரண்டி கூட்டுங்கள்.

அடிமாவு வேகாததற்கும் பழம் விடும் நீர்தான் காரணம். சர்க்கரையில் பிசறி அரைமணி வைத்தால் சாறு இறங்கும். அதை வடித்துப் பாகாகச் சுண்டவைத்து, ஆறிய பிறகே பழத்தோடு சேருங்கள். சூடாகக் கொட்டினால், அதுவும் நம் ஊர் வெயிலில், மாவிலுள்ள வெண்ணெய் உருகி ஓடிவிடும். ஓடிஜியில் தட்டைக் கீழ்க்கம்பிக்கு அருகில் வைத்து, முதல் 20 நிமிடம் 200 டிகிரி, பிறகு 180-ல் 40 நிமிடம். வெந்ததும் வெட்டாதீர்கள், சாறு உறைய மூன்று மணி நேரமாவது ஆகும்.