அரைப்புள்ளி – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

'இருப்பது என்றால் என்ன' என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். எனக்குச் சொந்த ஊர் தேவகோட்டைப் பக்கம், இப்போது சென்னையில் இருக்கிறேன். போன தை மாதம் அப்பச்சி (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) தவறிவிட்டார்கள். கோவிலூர் மடத்தில் கைவல்ய நவநீதம் என்ற தமிழ் வேதாந்த நூலைப் பாடம் கேட்டவர்கள். துக்கம் கேட்க வந்த பெரியவர் ஒருவர், "பூர்ணத்திலிருந்து எதை எடுத்தாலும் பூர்ணம்தான் மிஞ்சும், அழக் கூடாது" என்று ஆத்தாவிடம் சொன்னார். ஆத்தா தலையாட்டினார்கள். இரண்டு மாதம் கழித்துக் கோவில் திருப்பணி வரிக்குச் சீட்டு வந்தது, எங்கள் வீட்டுக்கு நேரே அரைப்புள்ளி என்று எழுதி. ஆத்தா அதை நாலாக மடித்துச் சாமி அலமாரியில் வைத்துவிட்டு அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. பூர்ணம், முழுமை என்றதும் அதே ஊர், அரை என்றதும் அதே ஊர். எது நிஜம்? எண்ணுகிறவர்கள் கணக்கில் இருந்தால்தான் ஒருவர் இருக்கிறார் என்று அர்த்தமா? முழுப்புள்ளிக்கான பணத்தையே கட்டிவிடலாம் என்கிறான் அண்ணன். சரியா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள ஆச்சி,

பெயர் வேண்டாம் என்றுவிட்டீர்கள், அதனால் ஆச்சி என்றே கூப்பிடுகிறேன். என் தாத்தா காரைக்குடியில் ஒரு பெரிய வீட்டில் கணக்கு எழுதியவர். அந்த வீட்டுப் பெண்களை வயது வித்தியாசம் இல்லாமல் அப்படிக் கூப்பிட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம்.

முதலில் அந்தச் சீட்டைப் பார்த்துவிடலாம். வெளியூர்க்காரர்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்: நகரத்தார் கணக்கில் கல்யாணமான கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி. கோவில் வரி, திருவிழாச் செலவு எல்லாம் புள்ளிக்கு இவ்வளவு என்று விழும். இருவரில் ஒருவர் போய்விட்டால் மிச்சம் இருப்பவர் அரைப்புள்ளி, வரியும் பாதி. கணக்குப்பிள்ளை பேரன் கண்ணுக்கு இது ஒரு சலுகையாகத்தான் தெரிகிறது. தனியாக நிற்கிறவரிடம் முழுப் பணம் கேட்காமல் விடுகிறார்கள், ரூபாயில் பார்த்தால் கருணை. ஆனால் ரூபாய்க்காகப் போட்ட பின்னம் மெல்ல நழுவி ஆள்மேல் ஒட்டிக்கொள்கிறது. வரி பாதி என்பது போய், அவர் பாதி என்று ஆகிவிடுகிறது. எழுதியவருக்கு அது தெரிந்திருக்காது, பேனா அடுத்த வரிக்குப் போயிருக்கும்.

இன்னொன்று. என் தாத்தாவுக்கு அந்த ஊரில் அரைப்புள்ளி கூடக் கிடையாது, நாங்கள் நகரத்தார் இல்லை. சமையல்காரர், ஆத்தங்குடிக் கல் பதித்தவர், வண்டி ஓட்டியவர் யாருக்கும் கிடையாது. ஊர்ப் புள்ளியை எல்லாம் தன் கையால் வரிசையாக எழுதிக் கூட்டிப் போட்டவர், அந்தக் கூட்டுத்தொகையில் அவர் இல்லை. பூச்சியமாகவே எண்பது வயது தாண்டி இருந்தார், வெற்றிலையும் விடாமல். ஆகவே கணக்கில் இருந்தால்தான் இருப்பு என்பதை என்னால் ஏற்க முடியாது. ஏற்றால் என் வீட்டில் யாருமே இருந்ததில்லை என்று ஆகிவிடும்.

(எழுத்துக்காரன் புத்தி, சீட்டு விஷயத்தைப் படித்ததும் இலக்கணப் புத்தகத்து அரைப்புள்ளி நினைவுக்கு வந்தது. வாக்கியம் முடியவில்லை, இன்னும் இருக்கிறது என்று சொல்லும் குறி அது. இதை ஆத்தாவிடம் போய் ஆறுதலாகச் சொல்லிவிடாதீர்கள். வார்த்தை விளையாட்டுக்கு ஒரு துக்கத்தையும் ஆற்றும் சக்தி கிடையாது.)

அடுத்தது பூர்ணம். பெரியவர் சொன்னது ஈசாவாஸ்ய உபநிஷத்தின் சாந்தி மந்திரம். அதில் பிழை இல்லை. ஆனால் அதைச் சொல்ல அவர் எடுத்துக்கொண்டது மூன்று நிமிஷம், கேட்டவருக்கு அன்றுதான் வீடு காலியாகியிருக்கிறது. வேதாந்தத்தை வடமொழி தெரியாதவர்களுக்கும் தமிழிலேயே உட்கார வைத்துப் பாடம் சொன்ன மடம் கோவிலூர். அங்கே பாடம் கேட்டவர் வீட்டில் வந்து இவ்வளவு அவசரப்பட்டிருக்க வேண்டாம்.

உங்கள் அப்பச்சி கேட்ட கைவல்யத்தில் ஒரு கதை வருகிறது, அவர்களே உங்களுக்குச் சொல்லியிருக்கலாம். பத்துப் பேர் ஆற்றைக் கடக்கிறார்கள். கரையேறி எல்லோரும் வந்தாயிற்றா என்று ஒருவன் எண்ணுகிறான், ஒன்பதுதான் வருகிறது. பத்தாவது ஆள் ஆற்றோடு போய்விட்டான் என்று அழுகிறார்கள். வழிப்போக்கன் ஒருவன் வந்து, பத்தாவது ஆள் இருக்கிறான் என்கிறான். அப்புறம் எண்ணியவனையே காட்டி, அது நீதான் என்கிறான். எண்ணியவன் தன்னை விட்டுவிட்டு எண்ணியிருக்கிறான், அவ்வளவுதான் விஷயம். இதை ஏழு நிலையாகப் பிரிப்பார்கள்: தெரியாமல் இருப்பது, இல்லை என்று மூடிக்கொள்வது, அழுது புரள்வது, இருக்கிறான் என்று பிறர் சொல்லக் கேட்பது, தானே என்று நேராகத் தெரிவது, துக்கம் போவது, ஆனந்தம். பெரியவர் முதல் ஐந்தையும் ஒரே தாண்டாகத் தாண்டி ஆறாவதில் போய் நின்றுகொண்டு, நீங்களும் வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டிருக்கிறார்.

இதே கதை பதினான்காம் நூற்றாண்டில் வித்யாரண்யர் எழுதிய பஞ்சதசியிலும் இருக்கிறது, அதில் ஒரு விஷயம் கூடுதல். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பத்தாவது ஆள் செத்துப்போனான் என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதானே, அதில் தலையில் காயம் பட்டிருக்கிறது. பத்தாவது ஆள் தானே என்று தெரிந்த அந்த நிமிஷம் அழுகை நின்றுவிடும், காயம் நிற்காது. அது ஆற ஒரு மாதம் ஆகும் என்கிறார். எதற்காக அடித்துக்கொண்டோமோ அது நடக்கவே இல்லை என்று தெரிந்த பிறகும், அடித்துக்கொண்ட இடம் வலிக்கும்! ஒரு தத்துவ நூல் இவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்லிக்கொண்டு வரும்போது நடுவில் நின்று ஒரு தலைக்காயத்தைக் கவனிக்கிறது பாருங்கள். ஞானம் வந்தவருக்கே ஒரு மாதம் கொடுத்திருக்கிறார் வித்யாரண்யர், ஆத்தாவுக்கு நம் ஆட்கள் பதினாறு நாள்கூடக் கொடுக்கவில்லை.

ஆனால் இந்தக் கதையில் எனக்கு ஒரு குறையும் உண்டு. எங்கள் வீட்டில் விசேஷ நாளில் அப்பத்தாதான் இலை போட எண்ணுவாள். கூடத்தில் நின்று ஆட்காட்டி விரலை நீட்டி, தாத்தா, பெரியப்பா, பிள்ளைகள் என்று முணுமுணுத்துக்கொண்டே வருவாள், எண்ணி முடித்து அத்தனை இலையை மட்டும் கட்டிலிருந்து உருவி ஈரத்துணியால் துடைப்பாள். அவளுக்கு இலை இருக்காது. கடைசியில் அடுப்படியில் யாரோ சாப்பிட்ட இலையின் கிழியாத பாதியிலோ, குழம்புச் சட்டியிலேயே சோற்றைப் போட்டுப் பிரட்டியோ அவள் சாப்பாடு முடிந்துவிடும். அவள் தன்னை மறந்ததும் பத்தாவது ஆள் மறந்ததும் ஒன்றா? திண்ணையில் உட்கார்ந்து தசமன் கதை, அதாவது இந்தப் பத்தாவது ஆள் கதை பேசிய ஆண்கள் வீட்டுக்குள் தினமும் ஒரு தசமன் பரிமாறிக்கொண்டிருந்தாள், அவளைப் பார்த்து 'அது நீதான்' என்று சொல்ல வழிப்போக்கன் யாரும் வரவில்லை. நானும் சொன்னதில்லை, சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போய்விடுவேன். தன்னைத்தானே மறந்தவனுக்கு வேதாந்தத்தில் மருந்து இருக்கிறது. மற்றவர்கள் எண்ணாமல் விட்டவரிடம் அதே மருந்தை நீட்டினால், எண்ணாமல் விட்டவர்கள்தான் தப்பித்துக்கொள்கிறார்கள்.

இதை எழுதிவிட்டு உங்கள் கடிதத்தைத் திரும்ப ஒரு முறை படித்தேன். பெரியவர் சொன்னது இருக்கிறது, ஊர் எழுதியது இருக்கிறது, அண்ணன் யோசனை இருக்கிறது, உங்கள் கேள்வி இருக்கிறது. ஆத்தா சொன்னதாக ஒரு வார்த்தை இல்லை. தலையாட்டினார்கள், சீட்டை மடித்தார்கள், சாப்பிடவில்லை. அந்தச் சீட்டைப் பார்த்தபோது அவர்களுக்கு என்ன தோன்றியது என்று நீங்கள் யாராவது கேட்டீர்களா? அரை என்ற எழுத்துக்காக இருக்கலாம். அதுவரை அப்பச்சி கையெழுத்துப் போட்டு வாங்கிய சீட்டு முதல் தடவையாகத் தன் கைக்கு வந்ததால் இருக்கலாம். எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியவில்லை. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது தத்துவம் எதையும் கொண்டுபோகாமல் போய்க் கேளுங்கள்.

முழுப்புள்ளிக்கான பணம் கட்டுவது பற்றி: அதையும் முதலில் ஆத்தாவிடம் கேளுங்கள். வேண்டும் என்றால் அண்ணன் தாராளமாகக் கட்டட்டும், கோவிலில் வாங்கிக்கொள்வார்கள். ஆனால் கூடுதல் பாதியை நன்கொடை என்று தனியாக எழுதிக்கொண்டு, புள்ளியை அரை என்றே விட்டுவிடுவார்கள். என் தாத்தாவாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்.